மோர்ச்சட்டிச் சக்கரம்

கட்டைவிரலை எடுத்தால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு போய் எதிர்ச் சுவரில் அடித்தது. வைத்து அழுத்தினால் அடங்கியது. முழுக்க அடங்கவில்லை. நகத்தின் ஓரமாக ஒரு நூல்போலக் கசிந்து உள்ளங்கைக்கு வந்து முழங்கை வழியாக இறங்கி லுங்கிக்குள் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. உக்கிரபாண்டி குளியலறைச் சுவரைப் பார்த்தபடி பாதி குனிந்து நின்றார். உட்கார்ந்தால் விரல் எட்டவில்லை, நிமிர்ந்தாலும் எட்டவில்லை. அப்படி ஒரு உயரத்தில்தான் அந்தக் குழாய் இருந்தது, இத்தனை வருஷமும் அது தெரியவில்லை. ஒடிந்த குழாயின் தலை காலடியில் ஈரத்தில் கிடந்தது, மரை உள்ள துண்டு சுவருக்குள்ளேயே நின்றுவிட்டது. நானா உடைத்தேன் என்று மறுபடியும் கேட்டுக்கொண்டார். பழைய பிளாஸ்டிக் குழாய், வெயிலும் உப்புத் தண்ணீரும் தின்றது, என்றைக்காவது ஒடியத்தான் வேண்டும். ஆனால் முகம் கழுவிவிட்டு மூடுகிற நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் தவசி சிரித்தான். தம்பி அப்படி வாய்விட்டுச் சிரித்து வெகுகாலம் ஆயிற்று. யாரோ என்னவோ சொல்ல, எல்லோரும் சிரிக்க, அவன் சிரிப்பு மட்டும் தனியாக மேலே எழும்பி வந்தது. குழாய் ஏற்கெனவே மூடியிருந்தது. அதற்குமேல் அவர் இன்னொரு திருகு திருகினார். அந்த ஒரு திருகு தேவையில்லாதது. கையோடு வந்துவிட்டது. தண்ணீர் முகத்தில் அறைந்தது, யாரோ எதிரே நின்று அறைந்த மாதிரி. முதலில் துண்டின் முனையை முறுக்கி ஓட்டைக்குள் செருகினார், அது துப்பித் தள்ளிவிட்டது. பிறகு வாசலுக்கு ஓடி, தெருவோரம் இருந்த வால்வைப் பல்லைக் கடித்துக்கொண்டு மூடினார். வந்து பார்த்தால் அதே வேகம். அது நகராட்சித் தண்ணீர் வருகிற வழி. இது மொட்டைமாடித் தொட்டியில் இருந்து இறங்குகிற தண்ணீர். அதைத் தெருமுனை வரை மூடினாலும் இது நிற்காது. அவருக்குத் தெரியாததா? மூடும்போதே தெரியும். தெரிந்தேதான் ஓடினார். வேறு வால்வு இருக்கிற இடத்துக்குப் போகாமல் இருக்க இந்த வால்வுக்குப் போனார்.

இந்த வீட்டுத் தண்ணீரை நிறுத்த மூன்று இடம் இருக்கிறது. வீடு கட்டி முடிந்த அன்றைக்கு அண்ணன் தம்பி இரண்டு பேரையும் பிளம்பர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். தெருவில் ஒன்று, அது வெளித்தண்ணீருக்கு. மாடியில் தொட்டியின் காலடியில் ஒன்று, அதை மூடினால் வீடு முழுக்கக் காய்ந்துபோகும். மூன்றாவது மாடிப்படிக்குக் கீழே ஒரு குழிக்குள், கல்பலகை போட்டு மூடியது, இடது பாதிக்கு மட்டும் தண்ணீரை நிறுத்துவது. மூன்றையும் ஒருதடவை மூடித் திறந்து பாருங்கப்பா, வீட்டுக்காரனுக்குக் கை பழகணும், வெள்ளம் வந்தப்புறம் தேடக் கூடாது என்றார். அப்போது வீடு ஒன்றாக இருந்தது, எது எந்தப் பக்கம் என்று யாரும் நினைக்கவில்லை. பாகம் பிரித்தபோது இடது பாதி உக்கிரபாண்டிக்கு வந்தது. வலது பாதியும் மாடிப்படியும் தவசிக்குப் போயிற்று. போர்வெல்லும் தொட்டியும் பொதுவில். வாசலில் இருந்து கொல்லை வரை கயிறு கட்டி, கயிற்றின் மேலேயே சுவர் எழுப்பினார்கள். அவன் மாடிப்படி ஒரு விரல்கூட என் பக்கம் நீட்டக்கூடாது என்று நின்று சண்டை போட்டவர் அவர்தான். குனிந்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, இன்னும் தள்ளு, இன்னும் தள்ளு என்று கொத்தனாரை விரட்டினார். தள்ளித் தள்ளி, குழி முழுக்க அந்தப் பக்கம் போய்விட்டது. சுவர் இடுப்பளவு வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது, தன் வீட்டுக்கு வருகிற மொத்தத் தண்ணீரும் தம்பி முற்றத்தில் ஒரு இரும்புச் சக்கரத்துக்குக் கீழே இருக்கிறது என்று. ஒரு ராத்திரி அவன் இறங்கி வந்து அதை மூடிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டால்? பெண்டாட்டி ஒச்சம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைய வேண்டும். பஞ்சாயத்துப் பேசியவர்கள் இன்னும் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய்க் குழிக்குள் குந்தி, நட்டைக் கழற்றி, சக்கரத்தை உருவி எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். இது என் காசில் வாங்கின வால்வு என்றார். பஞ்சாயத்துக்காரர்கள் சிரித்தார்கள். சக்கரத்தை வைத்து என்னப்பா பண்ணுவே, வண்டி ஓட்டுவியா என்று ஒருத்தர் கேட்டார். தவசி சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, பஞ்சாயத்துக்காரர்களைப் பார்த்து, "எடுத்துக்கிட்டுப் போகட்டும் அவரு" என்றான்.

அவரு. விரல் நழுவியது, தண்ணீர் சீறியது, மறுபடியும் பிடித்தார். அந்த நிமிஷம் வரைக்கும் அவர் அவனுக்கு அண்ணன். நடக்கப் பழகின நாளிலிருந்து அண்ணே, அண்ணே என்று பின்னாலேயே வந்தவன். திட்டினாலும் அண்ணன், அடித்தாலும் அண்ணன். பாகம் பிரிக்கிறபோது காரசாரமாகப் பேசிக்கொண்டபோதுகூட, அண்ணே நீங்க பேசுறது நியாயமில்ல என்றுதான் சொன்னான். அந்த ஒரு சொல்லை அன்றைக்கு அவன் நாலு பேர் முன்னால் உருவி எடுத்துத் தன் மடியில் கட்டிக்கொண்டான். நான் எடுத்தது இரும்பு. அவன் எடுத்தது என்ன? இதை யாரிடம் சொன்னாலும் விளங்காது. ஒச்சம்மாவிடம் ஒருதடவை சொல்லிப் பார்த்தார். மரியாதையாத்தானே சொல்லியிருக்காரு, அவன் இவன்னா சொன்னாரு என்று கேட்டுவிட்டு அவள் உளுந்தம்பருப்பில் கல் பொறுக்கப் போய்விட்டாள். மூன்றாம் வகுப்போடு தன் படிப்பு நின்றதும், சிமெண்ட் குடோனில் மூட்டை சுமந்து தோல் வெந்து உரிந்ததும், அந்தக் கூலியில் தவசி பள்ளிக்கூடம் முடித்துக் கூட்டுறவுச் சங்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்ததும், இதெல்லாம் உறுத்தவில்லை. உண்மையாகவே உறுத்தவில்லை. அதைச் சொல்லி அவர் ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை. அந்த அவருதான். சாப்பிடும்போது வரும், சவரம் பண்ணும்போது வரும். இப்போது கட்டைவிரலின் அடியில் தண்ணீர் துடிக்கிறதே, அதுமாதிரி, அழுத்தி வைத்திருக்கிறவரை சத்தமில்லாமல் இருக்கும், எடுத்தால் பீய்ச்சும்.

விரல் நுனி மரத்துப்போய்விட்டது. கை மாற்றலாம் என்று இடது கட்டைவிரலைக் கொண்டுவந்தார். மாற்றுகிற அந்தக் கணத்தில் தோள் முழுக்க நனைந்தது. குழாயடி வாளி பாதி நிறைந்துவிட்டது. இரண்டு குடம் பக்கத்திலேயே இருந்தால் பிடித்து வைக்கலாம், குடமெல்லாம் ஒச்சம்மா விடியற்காலையிலேயே அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டாள். பூ வைக்க வருகிறார்கள், பாத்திரம் பத்தாதாம். தம்பி மகள் நிவேதாவுக்குப் பூ வைக்கிறார்கள் இன்றைக்கு. பேரையூர் மாப்பிள்ளை. இந்தக் கோடையில் போர்வெல் செருமிச் செருமி அரைக்குடம் தள்ளுகிறது என்று தவசி லாரித் தண்ணீர் சொல்லி, அதைத் தொட்டியில் ஏற்றியிருக்கிறான். காலையில் லாரிக்காரன் போட்ட சத்தம் அவருக்குக் கேட்டது. "இனிமே நாளைக்குத்தான் சார் லோடு, இன்னைக்கு நீங்க கால்ல விழுந்தாலும் கிடையாது." அந்தத் தண்ணீர்தான் இது. அங்கே பந்தியில் குடிக்க, இலை எடுத்ததும் கை கழுவ, பாத்திரம் விளக்க என்று ஏற்றி வைத்த தண்ணீர்தான் இங்கே அவர் நகத்தோரமாகக் கசிந்து லுங்கியில் இறங்கிக்கொண்டிருக்கிறது. தொட்டி காலியானால் பேரையூர்க்காரர்கள் எச்சில் கையோடு நிற்பார்கள். அப்போது யாராவது ஒருத்தன் இந்தச் சுவரைத் திரும்பிப் பார்ப்பான். ஒருத்தன் பார்த்தால் போதும், எல்லோரும் பார்ப்பார்கள். ஏனென்றால் அவர் சொல்லியிருக்கிறார். போன வாரம் டீக்கடையில், பெஞ்சு நிறைய ஆள் இருக்கும்போது, என்ன உக்கிரபாண்டி, தம்பி வீட்டு விசேஷத்துல நீதானே தட்டு மாத்தணும் என்று ஒருத்தன் கிண்டினான். அவர் கிளாசை வைத்துவிட்டுச் சொன்னார்: "வர்றவனுக்குக் கை கழுவத் தண்ணி இருக்கான்னு மொதல்ல பாத்துக்கிறச் சொல்லு." போர்வெல் வற்றிக்கிடக்கிறதே, அதை நினைத்துச் சொன்னதுதான். ஒரு குத்தல், அவ்வளவுதான். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், டீ தொண்டையில் இறங்கும்போது சுகமாக இருந்தது. இப்போது அந்தப் பெஞ்சு முழுக்க எழுந்து வந்து சாட்சி சொல்லும். நான் செய்யவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஒச்சம்மாவே நம்பமாட்டாள். முதலில் நான் நம்புகிறேனா? அந்த ஒரு திருகு.

தட்டு மாற்ற வேண்டியது அவர்தான், அதில் சந்தேகமில்லை. தாத்தா இல்லாத வீட்டில் பெண்ணுக்குப் பெரியப்பன்தான் மூத்தவன். அவன் கையால்தான் தாம்பூலத் தட்டு போக வேண்டும். இந்தப் பக்கத்தில் அப்படித்தான். ஆனால் அழைக்க வந்த லட்சணம்! தவசி பெண்டாட்டி சீனியம்மா மட்டும் குங்குமச்சிமிழோடு வாசலேறி வந்தாள், "நிவேதா பெரியப்பாரே, வந்து நின்னு நடத்திக் குடுக்கணும்" என்று தலைகுனிந்து சொன்னாள். தவசி தெருவிலேயே நின்றான். மின்கம்பத்துக்குப் பக்கத்தில், செருப்பைக்கூடக் கழற்றாமல், துக்க வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி வேறெங்கோ பார்த்துக்கொண்டு. ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. படியேறாத அழைப்பு அழைப்பா? அவர் சரி என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை, நாற்காலியில் இருந்து எழுந்திருக்கவில்லை. ஒச்சம்மாதான் குங்குமம் வாங்கிக்கொண்டாள். அது ஒங்க தம்பி மக மட்டுமா, எனக்கும் பிள்ளதான், நான் போவேன் என்று இன்று விடிந்ததும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது, சட்டை துவைச்சு மடிச்சு வச்சிருக்கேன் கட்டில்ல என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வா என்றுகூடச் சொல்லவில்லை. அந்தச் சட்டை இன்னும் கட்டில்மேல்தான் கிடக்கிறது, கையை மடக்கிக்கொண்டு.

அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் விழுந்தது. பிறகு சீனியம்மாவின் குரல்: "என்னக்கா, குழாயில தண்ணி வேகமே இல்ல? காலையில அப்படி வந்துச்சு?" ஒச்சம்மாவின் குரல் சுவரை நெருங்கியது. வளையல் சத்தம் கேட்டது. சுவரைத் தட்டுகிறாள்.

"ஏங்க! ஏங்க, அங்க குழாயத் தொறந்துவிட்டுருக்கீகளா?"

குழாய் ஒடிஞ்சிருச்சு என்று சொன்னால் போதும், இரண்டே சொல். சொன்னால் அடுத்து என்ன வரும்? வால்வை மூடணும் என்பாள். சக்கரம் எங்கே என்பார்கள். எல்லோர் முன்னாலும் சக்கரத்தின் கதை பந்தியில் அவிழும். பேரையூர்க்காரர்கள் வாயில் கைவைத்துக் கேட்பார்கள்.

"இல்ல" என்றார்.

"தண்ணி சத்தம் கேக்குதே?"

"குளிக்கிறேன்டி."

"காலையிலேயே குளிச்சீகளே?"

"மறுபடி குளிக்கிறேன். வேர்க்குது. போடி அங்கிட்டு."

வளையல் சத்தம் விலகிப் போயிற்று. பொய் சொன்னதும் தண்ணீர் இன்னும் கனத்துவிட்ட மாதிரி இருந்தது. முன்பாவது ஒடிந்த குழாய் மட்டும். இப்போது ஒடிந்த குழாயும் ஒரு பொய்யும். பின்னால் தெரியவந்தால், கேட்டதுக்கு இல்லைன்னு சொன்னாரே, வேணும்னுதானே பண்ணியிருக்காரு என்று ஒச்சம்மாவே சாட்சி சொல்வாள். அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல், சீனியம்மாவின் தம்பி செல்லக்கண்ணு, எப்போதும் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரியே பேசுகிறவன்: "என்னக்கா, ரெண்டாவது குளியலா? சக்கரத்தக் கழட்டுன மனுசன், இன்னைக்குத் தொட்டியவே கழட்டப் போறாரு பாரு!" ஒரு கூட்டமே சிரித்தது. தவசி சிரித்தானா? காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். எல்லாச் சிரிப்பும் ஒன்றாகக் கலந்து வந்தது, அதில் தம்பியின் சிரிப்பைப் பிரித்தெடுக்க முடியவில்லை. சிரித்திருப்பான். சிரிக்காமல் இருப்பானா? சரி, அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தார். நினைத்தபோதே விரல் எழும்பிவிட்டது.

தண்ணீர் வளைந்து போய்ச் சுவரில் மோதித் தெறித்தது. அவர் இடுப்பை நிமிர்த்தி நின்றார். முதுகெலும்பு படபடவென்று சொடுக்கிட்டது. எவ்வளவு சுகம். தண்ணீர் தரையில் விழுந்து, சுழித்து, துவாரத்தில் இறங்கிச் சாக்கடைக்குப் போகிற சத்தம் கேட்டது. போகட்டும். நான் என்ன செய்தேன், பழைய குழாய் ஒடிந்தது. கிழவன் ஒண்டியாக என்ன பண்ணுவான்? கூப்பிட ஆள் இல்லை, என்னை யார் மதித்துக் கூப்பிட்டார்கள், நான் யாரைக் கூப்பிட? பொடிப்பயல்களாக இருந்தபோது தெருக்குழாயில் இதே கட்டைவிரலை வைத்து அழுத்தித் தவசிமேல் பீய்ச்சியடிப்பார். அவன் டவுசரைப் பிடித்துக்கொண்டு ஓடி, திரும்பி வந்து, இன்னொருவாட்டி அண்ணே, இன்னொருவாட்டி என்று மார்பைக் காட்டிக்கொண்டு நிற்பான். இது ஏன் இப்போது ஞாபகம் வர வேண்டும்? வரட்டும், போகட்டும், எல்லாம் சாக்கடைக்குப் போகட்டும். எதிர்ச் சுவரில் தண்ணீர் பட்ட இடத்தில் சுண்ணாம்பு கரைந்து வழிந்தது. இந்தச் சுவருக்கும் அதே கொத்தனார்தான். அப்போது அந்தப் பக்கம் நிவேதாவின் குரல் கேட்டது. இன்று முழுக்கத் தலைநிமிராமல் உட்கார்ந்திருக்க வேண்டிய பெண்: "சும்மா இருங்க மாமா. பெரியப்பா காலுக்கு வெந்நி ஊத்திக் குளிப்பாரு, முட்டி வலிக்கும் அவருக்கு. எங்க தண்ணிதான, எடுத்துக்கட்டும்."

எங்க தண்ணிதான. முட்டி வலிக்கும் என்று அவளுக்கு யார் சொன்னது? அவளிடம் அவர் பேசியே எத்தனை காலமாயிற்று. வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போது பார்ப்பாள், இவர் தினத்தந்தியை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொள்வார். உக்கிரபாண்டி பாய்ந்து விரலை வைத்தார். பதறிய வேகத்தில் ஒடிந்த பிளாஸ்டிக்கின் விளிம்பு தோலைக் கீறிவிட்டது. ரத்தம் கசிந்து தண்ணீரோடு சேர்ந்து வெளுத்து இறங்கியது. எவ்வளவு போயிருக்கும்? ஒரு அண்டா? இரண்டு? அவ்வளவு நேரம் ஆகவில்லை, அவ்வளவு போயிருக்காது. போயிருக்கலாம். குழாய் ஒடிந்தது விபத்து, சரி. இப்போது விரலை எடுத்தது? அதற்குப் பெயர் என்ன? அதற்கு டீக்கடைப் பெஞ்சு சாட்சி வேண்டாம்.

வால்வை மூட வேண்டும். சக்கரம் வீட்டில்தான் இருக்கிறது. சமையலறையில் மோர்ச்சட்டிக்கு அடியில். கழற்றிக் கொண்டுவந்த புதிதில் அதைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தார், ராத்திரி விழிப்பு வந்தால் கையைவிட்டுத் தடவிப் பார்ப்பார். கொஞ்ச நாளில் ஒச்சம்மா அதை எடுத்துக் கழுவி, உருண்டை அடிச் சட்டி ஆடாமல் இருக்கட்டும் என்று பிரிமணையாக வைத்துக்கொண்டாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, வீட்டில் இருந்தால் சரிதான். ஒவ்வொரு நாளும் மோர் ஊற்றும்போது பார்ப்பார், இருக்கிறது. அது இங்கே இருக்கிறவரை தம்பி தண்ணீரை நிறுத்த முடியாது. பார்த்துவிட்டு மோரைக் குடிப்பார். நிறுத்த முடியாதா? நினைப்பு அந்த இடத்தில் ஏதோ இடறியது. குடோனில் ஒருதடவை வால்வு மேல்தலை உடைந்துபோய், மொட்டைத் தண்டாக நின்றதே. அப்போது என்ன செய்தார்கள்? ஒரு பைப் ரெஞ்சைக் கொண்டுவந்து தண்டைக் கவ்வித் திருகினார்கள், நின்றது. சக்கரம் எதற்கு, ஒரு ரெஞ்சு போதும். அதை அவரே கண்ணால் பார்த்திருக்கிறார். எந்த இரும்புக்கடையிலும் கிடைக்கும், சைக்கிள் கடையில் இரவல் கேட்டாலும் கொடுப்பான். தவசி நினைத்திருந்தால் எந்த ராத்திரியும் குழிக்குள் குந்தி மூடியிருக்கலாம். மூடவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட இந்த வீட்டில் தண்ணீர் நின்றதில்லை. அவனுக்குத் தோன்றியிருக்காது. படித்தவனுக்கு ரெஞ்சு பற்றி என்ன தெரியும். இல்லை, இந்தக் குழாயைப் போட்டபோது ரெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றவனே அவன்தான். அவனுக்குத் தெரியும். பயந்திருப்பான். யாருக்கு, எனக்கா? அவர் மூன்று விதமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் அது ஒரே மாதிரி வந்து நின்றது. மூட முடிந்தும் மூடவில்லை. அப்படியென்றால் தினமும் மோர்ச்சட்டிக்கு அடியில் நான் காவல் காத்தது எதை? கோபம் வந்தது, தம்பிமேல்தான் வந்தது. மூடியிருக்கலாமே அவன். ஒரே ஒரு தடவையாவது மூடித் தொலைத்திருக்கலாமே. நான் நினைத்தது சரி என்று ஆகியிருக்கும்.

விட்டுவிட்டு ஓடினால் என்ன? சமையலறைக்குப் போய், சக்கரத்தை எடுத்து, தெருவழியே அந்த வாசலுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிவிடும். அதற்குள் தொட்டியா வற்றிவிடப் போகிறது? முதலிலேயே போயிருந்தால் இந்நேரம் மூடி முடிந்திருக்கும். நின்றுகொண்டே இருப்பதால்தான் இவ்வளவும் போயிற்று. விரல் தண்ணீரை அடைக்கவில்லை, காலைத்தான் கட்டிப் போட்டிருந்தது. அந்தப் பக்கம் சலசலப்பு கூடியது. கார் கதவுகள் சாத்துகிற சத்தம், வாங்க வாங்க என்கிற சத்தம், யாரோ ஒரு சின்னக் குழந்தையின் அழுகை. வந்துவிட்டார்கள். செல்லக்கண்ணுவின் குரல், "சம்பந்தி, இப்படி உக்காருங்க, மாடிப்படிக்குக் கீழ நல்ல காத்து" என்றது. மாடிப்படிக்குக் கீழே. குழியின்மேலேயே நாற்காலி போட்டிருக்கிறான். வேணுமென்றா போட்டிருப்பான்? அவனுக்கு என்ன தெரியும். உக்கிரபாண்டி இரண்டு கட்டைவிரலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். காதுக்குள் தண்ணீர் ஓடுகிற சத்தமா ரத்தம் ஓடுகிற சத்தமா என்று தெரியவில்லை. பிறகு இரண்டையும் எடுத்தார்.

மோர்ச்சட்டி தளும்பிற்று, கொஞ்சம் சிந்திற்று, தரையில் வைத்தார். சக்கரம் புளித்த மோர் வாசனை அடித்தது, உள்ளங்கையில் வழுக்கியது. கட்டில்மேல் கிடந்த சட்டையைப் பார்த்தார். மாட்ட நேரமில்லை. நேரமிருந்தாலும் ஈரத்தில் ஒட்டும். தெருவில் இறங்கியபோது வெயில் ஈரத்தோளில் வந்து உட்கார்ந்தது. அந்த வாசலுக்கு எத்தனையோ காலமாகக் கால் போனதில்லை, ஆனாலும் படியின் உயரம் காலுக்கு மறக்கவில்லை. உள்ளே நுழைந்ததும் எல்லோரும் திரும்பினார்கள். நனைந்த லுங்கியும் வெறும் மார்புமாக, கையில் இரும்போடு ஒரு மனிதன். ஒரு பெண் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒச்சம்மா பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, என்னங்க இது" என்றாள். செல்லக்கண்ணு மார்பை விரித்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"என்ன மச்சான், நல்ல நாள்ல கையில இரும்போட?"

அவனை அவர் பார்க்கவில்லை. தவசியையும் பார்க்கவில்லை, தட்டோடு நிற்கிற இரண்டு கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது. சொல்ல வேண்டியதை வரும் வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்திருந்தார். நான் வேணும்னு பண்ணல, குழாய் தானா ஒடிஞ்சுச்சு, யாரும் தப்பா எடுத்துக்கக் கூடாது. ஒன்று கூட வாயில் வரவில்லை. நாற்காலியில் வெள்ளைச் சட்டையோடு ஒரு பெரியவர் மருண்டுபோய் உட்கார்ந்திருந்தார், அவர் காலுக்குக் கீழேதான் கல்பலகையின் விளிம்பு தெரிந்தது. உக்கிரபாண்டி அவர் முன்னால் குந்தினார்.

"கொஞ்சம் கால எடுங்க சம்பந்தி" என்றார்.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் காதில் விழுந்தது. பெரியவர் காலை எடுத்துக்கொண்டார், நாற்காலியைவிட்டே எழுந்துகொண்டார். பலகையைப் புரட்டினால் உள்ளே துருப்பிடித்துக் கிடக்கும், திரும்பாது, எல்லோர் முன்னாலும் முக்கி முனகி நிற்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தார். உள்ளே வால்வின் தண்டை யாரோ ஒரு பாலிதீன் பையால் சுற்றி நூலால் கட்டியிருந்தார்கள். பிரித்தால் கிரீஸ். பழைய கிரீஸின் மேல் புதுக் கிரீஸ். சக்கரத்தைத் தண்டில் பொருத்தித் திருப்பினார். ஒரு கையில், ஒரு பிள்ளை திருப்பினாலும் திரும்புகிற மாதிரி, சத்தமே இல்லாமல் திரும்பிற்று. துருவாக இருந்திருக்கலாம். துருவாக இருந்திருந்தால் கொஞ்சம் தாங்கியிருக்கும். "குழாய் ஒடிஞ்சிருச்சு" என்று குழியைப் பார்த்தே சொன்னார். "தண்ணி கொஞ்சம் போயிருச்சு. கேட்டப்ப நான் இல்லைன்னேன்." சுவருக்கு அந்தப் பக்கம், அவர் வீட்டில், சீறிக்கொண்டிருந்த சத்தம் இளைத்து, சொட்டி, நின்றது. சமையல் பக்கத்தில் இருந்து சீனியம்மா, "வேகமா வருது இப்போ!" என்று கத்தினாள்.

பழக்கத்தில் சக்கரத்தை உருவப் போன கை பாதியில் நின்றது. இங்கேயே இருந்தால் இனி யார் வேண்டுமானாலும் மூடலாம், திறக்கலாம். மூடித்தான் இருக்கிறது, திறக்க வேண்டுமென்றால் வர வேண்டும். கையை எடுத்துக்கொண்டார். பக்கத்தில் யாரோ குந்தினார்கள். தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரோடு தவசி. பட்டு வேட்டி மண்ணில் படுகிறது, அவன் கவனிக்கவில்லை. கனத்துவிட்டான், காதோரம் முழுக்க நரைத்துவிட்டது. சுவரின் மேலே தெரிந்த தலையில் அது தெரிந்ததில்லை.

"கையக் காட்டுங்க" என்றான்.

அவர் காட்டினார். தவசி மெதுவாக ஊற்றினான். கிரீஸ், மோர், ரத்தம் எல்லாம் கலந்து விரலிடுக்குகளில் இறங்கிற்று. வர்றவனுக்குக் கை கழுவத் தண்ணி இருக்கான்னு. இவன் காதுக்கு அது வந்திருக்குமா? டீக்கடைப் பேச்சு எந்தக் காதுக்குத்தான் வராது. சொம்பு ஒரே சீராகச் சாய்ந்துகொண்டிருந்தது. அவன் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"கழுவிட்டு வாங்க. தட்டு மாத்தணும்" என்றான். பிறகு, சொம்பைப் பார்த்துக்கொண்டே, "நேரமாகுதுண்ணே" என்றான்.

உக்கிரபாண்டி சக்கரத்தை ஒருதடவை ஆட்டிப் பார்த்தார்.

"நட்டு வீட்ல கிடக்கு" என்றார். "சாயங்காலம் எடுத்தாந்து முடுக்கி வைக்கிறேன். இல்லாட்டி சக்கரம் ஆடும்."

ஒச்சம்மா மடித்த சட்டையைக் கொண்டுவர ஓடியிருந்தாள். யாரோ துண்டு கொடுத்தார்கள், துடைத்துக்கொண்டார். நிவேதா தலையைக் குனிந்தபடியே கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தாள். தட்டு வந்தது, வெற்றிலையும் பூவும் தேங்காயும் கனத்தன. விரல்களை மடக்கி அதன் விளிம்பைப் பிடித்தார். எட்டு விரலும் மடங்கின. கட்டைவிரல் இரண்டும் மட்டும், அங்கே இன்னும் எதையோ அடைத்துப் பிடித்திருக்கிற மாதிரி, வெளுத்துச் சுருங்கி விறைத்தே நின்றன.